பொறுக்கிப் போட்ட பயறு

3 ஜூன் 1969
பெருமாநல்லூர்ப் பக்கம் நாற்பது ஊர் முடிந்தது. ஊருக்கு ஒரு பை பாசிப்பயறு. மஞ்சள் நோயைத் தாங்கும் பயறு எங்காவது இருக்கிறதா என்று சர்க்கார் விதைப் பண்ணையில் தேடுகிறார்கள். வீட்டு விதையைக் கேட்டு வாங்கி வருவது கிராம சேவகியான என் வேலை. எல்லா வீட்டிலும் ஒன்றே சொன்னேன்: "நல்ல விதையாப் பாத்துக் குடுங்க."

வேலாத்தாள் அக்கா முறத்தோடு உட்கார்ந்துவிட்டார். பனியன் கம்பெனியில் துணியில் ஓட்டை பார்த்துக் கழித்துப் பழகிய கை. கறுப்பு, புள்ளி விழுந்தது, சிறுத்தது எல்லாவற்றையும் ஓரமாகத் தள்ளினார். "சர்க்காருக்குப் போறதுங்க அம்மிணி. பழுது போகலாங்களா?" எனக்கு ஒரே பெருமை.

4 ஜூன்
சரியாகப் பொறுக்காத பைகளை என் வாடகை அறையில் நானே பொறுக்கினேன். கழித்தது வீட்டுக்காரம்மா ஞானாம்பாளின் கோழிகளுக்கு. பைகள் பார்க்க அழகாக இருக்கின்றன.

6 ஜூன்
பண்ணையில் ஒப்படைத்தேன். "ரொம்பச் சுத்தமா இருக்கே" என்றார் ஆபீசர். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

19 ஜூலை
மஞ்சள் நோய். ஊருக்கு ஒன்றாக விதைத்த நாற்பது பாத்தியும்.

21 ஜூலை
ஆபீசர் கூப்பிட்டார். "நாப்பது ஊர்ப் பயறும் ஒரே மாதிரி இருக்கு. வேற வேற சாதி இருந்தாத்தானே ஒண்ணாவது நோயைத் தாங்கும்? விதையை யாராவது பொறுக்கினாங்களா?"

இல்லை என்றேன்.

இந்தப் பக்கத்துப் பயறு எதுவும் தாங்காது என்று மாதக் கடைசியில் அறிக்கை எழுதப் போகிறாராம். அதன்பின் இங்கே யாரும் தேட வரமாட்டார்கள். பொய் சொல்லிட்டயேடி கமலா! எதுக்குச் சொன்னே? வேலைக்குப் பயந்தா? இல்லை, சுத்தக்காரி என்கிற பேருக்கா?

24 ஜூலை
மூன்று நாளாக நடை. மிச்ச விதையை எல்லாரும் விதைத்துவிட்டார்கள்; பொறுக்கிக் கழித்ததாவது கிடைக்குமா என்று. கழித்த பயறு கோழிக்குப் போயிருக்கிறது, மாட்டுத் தவிட்டில் போயிருக்கிறது. சாமியாத்தாள் வீட்டில் கதவை முழுதாகத் திறக்கக்கூட இல்லை. "நாங்க கலப்படம் பண்ணலீங்க, ஏனுங்க மறுக்காக் கேக்கறீங்க?" தப்பு என்னுடையது. பயம் அவர்களுடையதாகிவிட்டது.

25 ஜூலை
வேலாத்தாள் அக்கா, கழித்த பயறைப் பாப்பாவுக்குத் தேய்த்துக் குளிப்பாட்ட அரைத்துவிட்டாராம். "டப்பா அடியில நாலு கெடந்தாலும் கெடக்குமுங்க." கவிழ்த்துத் தட்டினோம். கறுப்பு ஏழு, புள்ளி நாலு. பதினொன்று.

அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை, மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

28 ஜூலை
எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பொறுக்கச் சொன்னது, பொறுக்கியது, பொய். ஆபீசர் திட்டுவார் என்று நினைத்தேன். "பதினொண்ணுதானா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம்.

எழுதி வைத்திருந்த அறிக்கையை அனுப்பாமல் மேசைக்குள் வைத்தார்.

1 ஆகஸ்ட்
நோய் பிடித்த பாத்திகளுக்கு நடுவிலேயே ஊன்றினோம்.

7 ஆகஸ்ட்
ஒன்பது முளைத்திருக்கிறது.

30 ஆகஸ்ட்
ஐந்து மஞ்சள். தூக்கம் வரவில்லை.

14 செப்டம்பர்
ஏழு மஞ்சள். இரண்டு பச்சை. இரண்டும் கறுப்பு விதையில் வந்தவை. பக்கத்துச் செடியெல்லாம் மஞ்சளாகிக் கிடக்க, இவை காய் பிடிக்கின்றன. ஆபீசர் குனிந்து இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதிவேட்டில் பெயர் என்ன என்றார். வேலாத்தாள் என்று எழுதினேன்.

சந்தோஷப்பட முடியவில்லை. ஒரு டப்பாவின் அடியில் இரண்டு இருந்தது. மற்ற முப்பத்தொன்பது ஊரில் என்ன இருந்தது? ஞானாம்பாளின் கோழிகள் மேயும் பக்கம் இப்போது நான் போவதில்லை.

9 அக்டோபர்
மறுபடி முதல் ஊரிலிருந்து தொடங்கியாயிற்று. இன்று சாமியாத்தாள் வீடு. கதவைத் திறந்தார். புதிதாக விளைந்த பயறு அளந்து கொட்டினார். கொட்டிவிட்டு, வழக்கம்போல முறத்தை எடுத்தார்.

கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கறுப்பெல்லாம் கெடக்குதுங்களே அம்மிணி?"

"கெடக்கட்டுங்க."