ஷைனி எழுதிக்கொடுத்த லேப்டாப்

இயேசு மரி சூசை

ராயபுரம்,
4.6.2025

என் செல்ல மருமகள் ஷைனிக்கு, காசிமேட்டு மீன் ஏலத்தின் சக்கரவர்த்தியும் உன் தாய்மாமனுமாகிய ஸ்டானிஸ்லாஸ் ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

இப்போது நான் சொல்லப்போகும் கதையை உலகத்தில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். உன் அம்மா டோரதியே, "அண்ணே, மொதல்ல போயி மூஞ்சியக் கழுவிக்கினு வா" என்றுவிட்டாள். இருந்தும் ராயப்பர் மேல் சத்தியமாகச் சொல்கிறேன்.

நீ எழுதிக்கொடுத்த லிஸ்டோடு கடைக்குப் போனேன். பதினாறு ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்டு, நிறம் சரியாகக் காட்டும் திரை. அந்த லேப்டாப்பை எடுத்துவர நாலு பேர் உள்ளே போனார்கள். ரெண்டு பேர்தான் திரும்பி வந்தார்கள். அவ்வளவு கனம்! மேஜையில் வைத்ததும் மேஜை உட்கார்ந்துவிட்டது. துறைமுகத்துக் கிரேன் வந்துதான் தூக்கியது. ஆன் பண்ணியதும் எண்ணூர் வரைக்கும் கரண்ட் போனது. கிளம்பிய சூட்டில் எதிர்த்தாற்போல் கூடையில் இருந்த நெத்திலி அத்தனையும் நிமிஷத்தில் கருவாடு.

இதை மாட்டிக்கொண்டு நடந்தால் என் குழந்தையின் தோள் என்னாவது? அந்த அக்கறையில் அப்பளம் போல ஒன்று எடுத்து அனுப்பியிருக்கிறேன். எட்டு ஜிபி. வெள்ளித் தாம்பாளம் மாதிரி மினுக்குகிறது. கிராபிக்ஸ் கார்டு மட்டும் கிடையாது. அதனால் என்ன, நம்மிடம் ரேஷன் கார்டு இருக்கிறது.

ஏலச் சக்கரவர்த்தி,
உன் மாமா ஸ்டானிஸ்லாஸ்

*

கோயம்புத்தூர்,
7.6.2025

அன்புள்ள ஸ்டானி மாமாவுக்கு,

நலம். அங்கே நீங்களும் அம்மாவும் நலமா?

ஏன் போனை எடுக்கவில்லை என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் பேசினால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்தால் கோபம் போய்விடும். இந்தத் தடவை அது போகக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பியது நல்ல லேப்டாப்தான். டைப் அடிக்க, கணக்குப் பார்க்க, படம் பார்க்க அதுவே தாராளம். என் வேலைக்கு ஆகாது. நான் படித்தது கட்டடக்கலை. ஒரு கட்டடத்தை நாலு பக்கமும் சுழற்றி, எந்த நேரத்தில் எங்கே வெயில் விழும் என்பது வரை காட்டவேண்டும். இதில் என் படத்தைத் திறந்தேன். கூரை வரவே பத்து நிமிஷம். சுவர் வருவதற்குள் திரை உறைந்துவிட்டது. மூன்று தடவையும் அப்படியே.

எனக்கு வேலை தருவதாகச் சொன்ன புனே அலுவலகத்துக்கு இருபதாம் தேதிக்குள் படங்களை அனுப்பவேண்டும். அனுப்பாவிட்டால் அந்த வேலை வேறொருவருக்கு. காலேஜ் கம்ப்யூட்டர் அறையையும் லீவுக்குப் பூட்டிவிட்டார்கள்.

பில்லில் இருந்த நம்பருக்குப் பேசினேன். கடையில் உங்களுக்கு விற்ற ஜோபின் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "லிஸ்ட்ல இருந்த மெஷின எட்த்து டேபிள் மேல வெச்சேன் மேடம். ரெண்டு கிலோ சொச்சந்தான். சார்தான், 'அது வோணாம்ப்பா, பொண்ணு இங்கயே ஆபீஸ்ல குந்திகினு டைப் அடிக்கப் போவுது, அதுக்கு ஏத்தமாரி குடு'ன்னாரு."

மாமா, இது என்ன?

வாங்கிய பத்து நாளைக்குள் மாற்றித் தருவார்களாம். பதினான்காம் தேதி கடைசி. பெட்டியோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். மாற்றிவிடுங்கள்.

அன்புடன்,
ஷைனி

*

இயேசு மரி சூசை

ராயபுரம்,
9.6.2025

என் கோபக்கார மருமகளுக்கு,

பெட்டி வந்தது. ஜோபின் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. வியாபாரம் செய்கிறவனுக்கு இத்தனை நேர்மை ஆகாது.

தண்டையார்பேட்டையில் ஒரு சரக்கு ஆபீசில் உனக்காகச் சொல்லி வைத்திருக்கிறேன். அங்கே ஏசி எப்படி என்றால், போன வாரம் பனிக்கரடி ஒன்று வேலை கேட்டு வந்ததாம். காலையில் போய்ச் சாயங்காலம் வீடு. பூனாவில் என்ன இருக்கிறது? கடலே இல்லை. கடல் இல்லாத ஊரில் மனுஷன் எந்தப் பக்கம் பார்த்து நிற்பான்? நீ போகிறாய் என்றதிலிருந்து உன் அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை.

இன்னொன்று. ஏலத்தில் கூடையைத் தூக்கியாகிவிட்டால் பேச்சு முடிந்தது. எடுத்ததை யாரும் திருப்பமாட்டார்கள். மீன் விற்கிற நம் கெங்கம்மா ஒருதரம் எடுத்த கூடையில் மேலே நாலு வஞ்சிரம், கீழே முழுக்க ஐஸ். என்னைத் திட்டினாள், என் பரம்பரையைத் திட்டினாள், ஆனால் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனாள். முப்பத்திரண்டு வருஷமாக ஏலம் போடுகிறவன் நான். நானே போய் "மாத்திக் குடு" என்று நின்றால், நாளைக்கு என் குரலுக்கு எவன் கை தூக்குவான்?

உன் மாமா

*

கோயம்புத்தூர்,
11.6.2025

மாமாவுக்கு,

அம்மாவிடம் பேசினேன். நன்றாகச் சாப்பிடுகிறார். என்னைப் போகச் சொல்வதே அம்மாதான். அவரை இதில் இழுக்காதீர்கள்.

எனக்கு எது வேண்டும் என்று எழுதிக்கொடுத்தேன். நீங்கள் படித்தீர்கள். படித்துவிட்டுத்தான் வேறொன்றை எடுத்தீர்கள். தெரியாமல் செய்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன்.

இதோடு ஒரு பென் டிரைவ் வைத்திருக்கிறேன். கடையிலேயே போட்டு, அதிலுள்ள படத்தைத் திறக்கச் சொல்லுங்கள். அதற்கு வேண்டிய சாப்ட்வேரைப் போட்டு வைக்க ஜோபினிடம் சொல்லிவிட்டேன். எந்தக் கம்பெனி, என்ன நிறம் எதுவும் பார்க்கவேண்டாம். படம் சிக்காமல் சுழன்றால் அதுதான் எனக்கான லேப்டாப்.

பதினான்கு தாண்டினால் நான் புனேவுக்கும் போகமுடியாது. ராயபுரத்துக்கும் வரமாட்டேன்.

ஷைனி

*

இயேசு மரி சூசை

ராயபுரம்,
14.6.2025

ஷைனிக்கு,

இந்தப் பெட்டியில் இருப்பது பதினாறு ஜிபி. தனி கிராபிக்ஸ் கார்டும் இருக்கிறது. அது வந்த வரலாற்றைக் கேள்.

இன்று காலை பழைய பெட்டியைத் தலைமேல் வைத்துக்கொண்டு கல்மண்டபம் வழியாக நடந்தேன். ரோட்டின் இரண்டு பக்கமும் ஜனம். துறைமுகத்தில் பதினேழு கப்பல்கள் ஒரே நேரத்தில் ஊதின. கடைக்குள் நுழைந்ததும் ஜோபின் ஒரு காகிதத்தை நீட்டினான்.

"இன்னாத்துக்கு மாத்துறன்னு காரணம் எய்தணும் சார். மெஷின் கோளாறுன்னு போட்டுறட்டா?"

எனக்கு அது போதும். கௌரவத்தோடு வெளியே வந்திருக்கலாம். ஆனால், "மெஷின்ல இன்னாப்பா கோளாறு? அது சோக்காத்தான் கீது" என்று சொல்லிவிட்டேன். பிறகு நெஞ்சை நிமிர்த்தி, ஏலக் குரலில், "பொண்ணு கேட்டது ஒண்ணு, நான் வாங்கனது ஒண்ணு. தப்பு என்னுது!" என்று மூன்று தரம் முழங்கினேன். கடையிலிருந்த டிவியெல்லாம் தானாக அணைந்தன. காசிமேட்டில் கெங்கம்மா காதில் விழுந்து, அங்கிருந்தே கை தூக்கினாளாம்.

அப்புறம் உன் படத்தைத் திறந்தார்கள். சிக்கவில்லை. நம் ஏலக்கூடம்! உயரமான கூரை. கூடையோடு உட்காரும் பெண்களுக்கு நிழல். மீன் தண்ணீர் ஓட ஓரமாய் வாய்க்கால். நடுவில் ஏலக்காரன் நிற்க ஒரு படி உயரத்தில் மேடை. ஜோபின் சுழற்றிக்கொண்டே இருந்தான். "எந்த எடம் சார் இது?" என்றான். "எங்க எடம்ப்பா" என்றேன். கடையே எழுந்து நின்று சல்யூட் அடித்தது. நீ என்ன படித்தாய் என்று ஐந்து வருஷத்தில் நான் ஒருநாளும் கேட்டதில்லை.

சரக்கு ஆபீசில் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். பனிக்கரடிக்கு அந்த இடம் கிடைத்துவிட்டது.

கப்பல் ஊதியது, டிவி அணைந்தது, சல்யூட் எல்லாம் வழக்கம்போல்தான், நம்பாதே. மூன்று தரம் முழங்கினேன் என்றதும் பொய். ஒரு தரம்தான் சொன்னேன். அதுவும், "இன்னா சார் சொன்ன, காதுல வியில" என்று ஜோபின் குனிகிற அளவுக்கு மெதுவாக. ஆனால் சொன்னேன். அது மட்டும் உண்மை.

ஸ்டானிஸ்லாஸ்