பன்னிரண்டு பெட்டிகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முட்டிவலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

இங்கே ஒரு சின்னக் கூத்து, பயப்பட ஒன்றுமில்லை; போனில் சொல்லக் கூச்சமாக இருந்ததால் எழுதுகிறேன். வேலை ஏன் தேங்குகிறது என்று பார்க்க, எந்த நேரத்தில் என்ன செய்தோம் என்று ஒரு வாரத்துக்கு எழுதித் தரச் சொன்னார் மேலாளர். தினமும் காலையில் கிடங்குக்குள் ஒளிந்துகொண்டு உன்னோடு பேசும் நாற்பது நிமிடத்தை, 'பெட்டி எண்ணுதல்' என்று எழுதிவிட்டேன்.

நேற்று எல்லோர் முன்னாலும் அதைப் படித்தார். "உள்ள இருக்கறதே பன்னெண்டு பெட்டி. அதை எண்ண நாப்பது நிமிஷமாப்பா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் அசடு வழியச் சிரித்துவைத்தேன். பக்கத்து மேசைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. என் பங்கு வேலையை இத்தனை நாள் வாய்திறக்காமல் முடித்தவர் அவர்தான்.

மாட்டிக்கொண்டதுகூடப் பரவாயில்லை. எனக்கு ஆபீஸில் நிறைய ஓய்வு என்று உன்னிடமும் பொய் சொன்னேன், உன்னைப் பெட்டி என்று அங்கேயும் எழுதினேன். அதை நினைத்தால்தான் கூசுகிறது.

இனி மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருபது நிமிடம் மட்டும் பேசலாம். அப்போது அடுப்பை அணைத்துவிட்டு வராதே அம்மா, பாத்திரச் சத்தமும் கேட்கட்டும்.

மணியாகிவிட்டது, ஓடுகிறேன். மேலாளர் இந்த வாரத்துக்கும் தந்த புதுத் தாளில் அந்த இருபது நிமிடத்துக்கு நேரே 'அம்மா' என்றே எழுதியிருக்கிறேன்.

உன் மகன்