கீழ் இமைக் கோடு

செவன் கிங்ஸ்,
3 மார்ச் 2025

அன்புள்ள ஜெராட் அண்ணைக்கு,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. போனை எடுக்கமாட்டீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் பழம்பொருள் கடை முதலாளியின் சுடுமண் பெண்முகம் எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்திருக்கிறது. உரோமருக்கும் முந்திய எட்ருஸ்கன் சனம் செய்த முகம்; நிறமும் அந்தக் காலத்ததுதான் என்று சாதிக்கிறார். எக்ஸ்ரே கருவியை வைத்தேன். கன்னத்தில் டைட்டானியம் வெள்ளை! அந்தச் சாயம் விற்பனைக்கு வந்தே நூறு வருடம்தான். அந்தப் பழைய சனம் பூசியது வெள்ளைக் களிமண்.

கீழ் இமையில் மெல்லிய இரண்டாவது கோடு. எங்கள் பங்குக் கோயில் மாதாவுக்குப் பெருநாளுக்குப் பெருநாள் அந்தக் கோட்டை இழுக்கிறவர் யார்? உங்களுக்கு மூளை கழன்றுவிட்டதா அண்ணை? வெள்ளிக்கிழமை நான் அறிக்கை கொடுக்க வேண்டும்.

ஜெனோஜா

வெம்பிளி,
5 மார்ச்

ஜெனோஜா,

ஓம், நான்தான் பூசினனான். இப்ப என்ன? முகம் வெளிறிப்போய், கண் குருடாக் கிடந்தது. முதலாளி வடிவாக்கச் சொன்னார், வடிவாக்கினன். மாதாவுக்குப் பூசினா எல்லாரும் முழங்காலில நிண்டு கும்பிடுகினம். கள்ள மாதா எண்டு ஆரும் சொன்னவையே?

பலெர்மோவில இருந்து பிள்ளையளோட வந்து, இஞ்ச கிடைச்ச ஒரே நல்ல வேலை இது. நீ எழுதினா நாளைக்கே முதலாளி என்னை வேலையால கலைச்சுப் போடுவார். கன்னத்தில இருக்கிறது சுவர்ப் பெயின்ற் தவறி ஒட்டினது எண்டு எழுது. உன்னால ஏலும். இல்லாட்டி நான் உனக்கு அண்ணையும் இல்லை, நீ எனக்குத் தங்கச்சியும் இல்லை.

ஜெராட்

செவன் கிங்ஸ்,
8 மார்ச்

அண்ணை,

உண்மையைத்தான் எழுதினேன். பூசியவர் என் அண்ணன் என்றும் எழுதினேன். உங்கள் முதலாளியோ தனக்கு ஒன்றுமே தெரியாது என்று எல்லாவற்றையும் உங்கள் தலையில் போட்டுவிட்டார். இந்த மனிசனுக்காகவா என்னைப் பொய் எழுதச் சொன்னீர்கள்? எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இதையும் கேளுங்கள். உங்கள் பூச்சு உரிந்த ஓரத்தில், அகச்சிவப்புக் கமெராவில் கண் ஒளிர்கிறது. எகிப்திய நீலம் என்கிற அந்தக் காலத்துச் சாயம்; வெறுங்கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அப்படியே இருக்கிறது. மாதாவின் பழைய பூச்சைச் சுரண்டக் கூடாது என்று பாதர் சொன்னதால், முதலில் பசை பூசி அதன்மேல்தானே வரைவீர்கள்? இதற்கும் அப்படியே செய்திருக்கிறீர்கள். பசையைக் கரைத்தால் பழைய முகம் வெளியே வரும். என்ன பசை என்று தெரியாமல் தொட்டால் நீலமும் போய்விடும். புதன்கிழமை வாருங்கள்.

உங்கள் தங்கச்சி,
ஜெனோஜா

வெம்பிளி,
10 மார்ச்

முயல்தோல் பசை. இளஞ்சூட்டுத் தண்ணியும் பஞ்சும் போதும். கொதிதண்ணி வைச்சியெண்டா கொல்லுவன். கீழ் இமையில மெதுவா.

வேலை போயிட்டுது. நான் வரமாட்டன். உன்னில கோபம் இன்னும் ஆறேல்லை.

அண்ணை