என் கைநாட்டும் அவள் சொல்லும்

இன்று காலை பால் சங்கக் கூட்டத்தில் வழக்கம்போல மை டப்பாவை என் பக்கம் தள்ளினார்கள். அந்த நீல மை வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்தது. டப்பாவை மூடிவிட்டு, "பேனா குடுங்கப்பா" என்றேன். நான் பெயரை எழுதி முடிக்கும்வரை வரிசையே காத்து நின்றது. நீ பார்த்திருக்க வேண்டும்!

அதைவிடப் பெரிய சேதி இருக்கிறது. அந்தப் பழைய வழக்கைப் பற்றித்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

உன்னோடு திராட்சைத் தோட்டத்தில் கொடி கவாத்து வெட்டிய நம் தெருப் பெண்ணை, மருந்து வைக்கும் அறையில் வைத்து மேஸ்திரி பலாத்காரம் செய்தான். நாலு நாள் கழித்து அவள் உன்னிடம்தான் முதலில் சொன்னாள். "யாரு பாத்தா?" என்றது தெரு. நானும் அதையேதான் கேட்டேன். கழுவிய சட்டியைக் கவிழ்த்துவிட்டு நீ சொன்னாய்: "ஆள நிப்பாட்டி வச்சுக்கிட்டா இதச் செய்வான்? அவ சொல்றா. எனக்கு அது போதும்."

மறுவாரம் மேஸ்திரியின் மச்சான் ஒரு பேப்பரோடு வந்தான். போர்வெல் மனு என்றான். முதல் வீட்டுக்காரர் கைநாட்டு வைத்தால் தெரு முழுக்க வைப்பதுதானே நம் வழக்கம்? நானும் கட்டைவிரலை உருட்டினேன். அவள் கூலித் தகராறில் பொய் சொல்கிறாள் என்று அதில் எழுதியிருந்தது. வழக்கு நடக்கும்போதுதான் அது தெரிந்தது.

"என்னன்னு கேக்காமயே வச்சீகளா மாமா? அவ வாயப் பொத்திட்டீகளே!" என்று நீ கேட்டாய்.

தேனி கோர்ட்டில் கதவைச் சாத்திக்கொண்டு விசாரித்தார்கள். நான் வெளியே நின்றேன். நீ உள்ளே போய்ச் சாட்சி சொன்னதைத் திரும்பும் பஸ்ஸில்தான் என்னிடம் சொன்னாய்: "அவ நாலு நாளு ஏன் சும்மா இருந்தான்னு அவுக வக்கீல் கேட்டாக. நாலு நாளா அவ சோறு திங்கல சார், அது சும்மா இருக்குறதான்னு கேட்டேன். ஜட்ஜம்மா குனிஞ்சு எழுதுனாக."

பேப்பரில் என்ன இருந்தது என்று தெரியாது என நானும் கூண்டில் ஏறிச் சொன்னேன். தீர்ப்பு வருமுன் என்னைத் தனியே விட்டு நீ கண்ணை மூடிவிட்டாய். என் விரல் அவள் சொல்லைத் தோற்கடித்துவிடுமோ என்ற பயம் மட்டும் என்னோடு இருந்தது. அந்தப் பயத்தில்தான் எழுதப் படிக்கச் சொல்லித்தரும் மாலை வகுப்பில் போய் உட்கார்ந்தேன்.

அவனுக்குத் தண்டனை கிடைத்துவிட்டது! நேற்று அவளே தீர்ப்பு நகலைக் கொண்டு வந்து, "நீங்களே வாசிங்க சித்தப்பா" என்றாள். தீர்ப்பில் அவள் பெயர் இல்லை, 'பாதிக்கப்பட்டவர்' என்றுதான் இருக்கிறது. நானும் இதில் அவள் பெயரை எழுதவில்லை. ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது.

"லோடு லாரி குமுளி மலை ஏறுற மாதிரில்ல ஏறுறீக!" என்று சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை வருசம்!

பாதிக்கப்பட்டவரின் சாட்சியம் நம்பும்படி இருந்தால் அது ஒன்றே போதுமாம். பார்த்த ஆள் வேண்டியதில்லையாம். நாலு நாள் தாமதம் அவளைப் பொய்க்காரி ஆக்காதாம். வாசித்துக் காட்டாமல் கைநாட்டு வாங்கிய பேப்பரை ஏற்க முடியாதாம்.

"அந்த 'போதும்' இருக்கே சித்தப்பா, அத இன்னொருக்கா வாசிங்க."

வாசித்தேன். சட்டியைக் கவிழ்த்துவிட்டு நீ சொன்னதேதான்! அடுத்த பக்கத்தில், அவள் முதலில் சொன்ன ஆள் என்று உன் பெயர் இருந்தது. தடுமாறாமல் நான் வாசித்தது அது ஒன்றைத்தான்.

இப்போது யார் பேப்பர் நீட்டினாலும் தெரு என் முகத்தைப் பார்க்கிறது. நான் கடைசி வரிவரை வாசிக்கிறேன். காத்து நிற்கட்டும்.