அம்மா கையில் இருக்கும் லென்ஸ்

தண்டையார்பேட்டை
12.11.2006

அன்பு மகள் மாயாவுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் ஏதோ இருக்கிறோம், தில்லிக் குளிரில் நீ ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உடம்புக்கு ஒன்றும் வராமல் இருந்தால் அதுவே போதும். போனில் பேசினால் அம்மா காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறாள், அதனால்தான் கடிதம்.

நீ உன் கேமராவுக்குக் கேட்ட பழைய ரஷ்ய லென்ஸ் கிடைத்துவிட்டது. ராயபுரத்தில் கப்பல் சாமான் விற்கும் சுப்புராஜ் கடையில் துருப்பிடித்த பூட்டுகளுக்கு நடுவில் கிடந்தது. கண்ணாடிக்குள் நூல் நூலாகப் பூஞ்சை, ஃபோகஸ் வளையம் அசையவே இல்லை. ஷிப்ட் முடிந்து வந்து, சோறு வடித்து, அம்மாவைக் குளிப்பாட்டி, லாரித் தண்ணீர் பிடித்து வைத்த பிறகு மிஞ்சுகிற கொஞ்ச நேரத்தில் நீ சொன்னபடியே பிரித்தேன். மருந்துக்கடை பெராக்சைடில் பஞ்சைத் தொட்டுத் துடைத்ததும் பூஞ்சை போய்விட்டது. வளையத்தின் மரையில் இறுகிக் கிடந்த கிரீஸை மண்ணெண்ணெயால் கழுவினேன். மரை கழன்ற இடத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்லியிருந்தாய், அசதியில் மறந்துவிட்டேன், திரும்ப மாட்டினால் எதுவும் தெளியவில்லை. தூக்கிப் போட்டுவிடலாம் என்றுகூட இருந்தது. ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் பிம்பத்தை விழவைத்துப் பார்த்துப் பார்த்து ஒருவழியாகச் சரிசெய்தேன்.

வாதம் வந்ததிலிருந்து அம்மாவின் வலக்கை விரல்கள் மடங்கியபடியே கிடந்தது உனக்குத் தெரியும். பெரியாஸ்பத்திரியில் பயிற்சிக்குக் கொடுத்த பந்தை, "நா இன்னா கொயந்தையா, பந்து வெளையாட?" என்று வீசிவிட்டாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மெஷினை ஓட்டின கை, அவளுக்கு எரிச்சல் வராமல் இருக்குமா? நானும் கெஞ்சிக் கெஞ்சி ஓய்ந்துபோனேன். போன வாரம் மழையில் பகலிலேயே கரண்ட் போய் வீடு இருட்டாகிவிட்டது. லென்ஸை அவள் மடியில் வைத்துவிட்டு வாளி எடுக்கப் போனேன். உள்ளேயிருந்து, "மாயா அப்பா, இங்க வாயேன்" என்று கூப்பிட்டாள். விழுந்துவிட்டாளோ என்று ஓடினேன். இடக்கையால் லென்ஸைச் சுவருக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, மடங்கின வலக்கை விரல்களை வளையத்தில் கொடுத்து இழுத்துக்கொண்டிருந்தாள். மழை விட்டிருந்தது. சுவரில் எதிர் பிளாக் தாயம்மா வீட்டு மாடி தலைகீழாக, கலங்கலாகத் தெரிந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. "தாயம்மா தலைகீயா தொங்கிகினு துணி ஒணத்துறா பாரு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை மாதம் ஆகிறது. நான் வாளியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அன்றிலிருந்து அதைக் கீழே வைக்கவில்லை. நீ மெல்லிய கிரீஸ் போடச் சொன்னாய், நான் கெட்டியானதாகப் போட்டிருக்கிறேன், விரலுக்கு வேலை வேண்டுமே. இப்போது சோற்றைத் தானே பிசைகிறாள், பாதி கீழே சிந்துகிறது, பெருக்கிக்கொண்டிருக்கிறேன். ஊசி இன்னும் பிடிபடவில்லை. இனி பிடிபடுமா என்றும் தெரியவில்லை.

அதனால் கண்ணு, இந்த லென்ஸை உனக்கு அனுப்பப் போவதில்லை. உன் படவேலைக்கு அது எவ்வளவு முக்கியம் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். வேறொன்று வந்தால் எடுத்துவைக்கச் சுப்புராஜிடம் சொல்லியிருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு ஓடிவராதே, லீவு கிடைக்கும்போது வந்தால் போதும். வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி தனியாக ஆட்டோ ஏறாதே. புத்தர் உன்னைக் காக்கட்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. கீழே கோணலாக இருப்பது அம்மா வலக்கையால் எழுதியது. உன் பெயரை எழுத ஆரம்பித்தாள், அதற்குள் கை சோர்ந்துவிட்டது.

அன்புடன்,
அப்பா அன்பரசன்

மா