இடது பக்கம் கட்டிய மணி

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற நகரப் பேருந்து ஓட்டுநர்
(பொது மருத்துவமனை பெண்கள் வார்டு, ஜன்னலோரப் படுக்கையில் சிகிச்சையில் இருந்தபோது இறந்துபோனவரின் கணவர்)

பெறுநர்:
உயர்திரு சுகாதாரத் துறை இயக்குநர் அவர்கள்
தலைமை அலுவலகம்

பொருள்: பக்கவாத நோயாளிக்குச் செயலிழந்த கையின் பக்கம் அழைப்பு மணி வைக்கப்பட்டதால் நேர்ந்த மரணம் – விசாரணை அறிக்கையில் என் மனைவி மீது சுமத்திய பழியை நீக்கவும், செவிலியர்களுக்கு அடிப்படைப் பயிற்சி அளிக்கவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. மருத்துவமனையின் விசாரணை அறிக்கை. 2. நான் மருத்துவமனைக்குள் நுழையக் கூடாது என்று எனக்கு வந்த கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். வேலைக்காலம் முழுக்கப் பேருந்து ஓட்டியவன் நான். மனு எழுதிப் பழக்கமில்லை. எங்காவது வார்த்தை தடித்திருந்தால் மனம் சரியில்லாதவன் எழுதியது என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

2. என் மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்துவந்தாள். ஒருநாள் காலையில் தைத்துக்கொண்டிருக்கும்போதே இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. பக்கவாதம் என்றார்கள். பேச்சு இருந்தது, ஆனால் குனிந்து காதைக் கொடுத்தால்தான் கேட்கும் அளவுக்குக் குரல் சுருங்கிவிட்டது. கிண்டல் மட்டும் குறையவில்லை. "இந்தக் கை புகுந்த வீட்டுக்குப் போயிருச்சுங்க டாக்டர், கூப்பிட்டா வராது" என்றாள். அவரே சிரித்துவிட்டார். இரண்டொரு மாதத்தில் எதையாவது பிடித்துக்கொண்டு நடப்பாள் என்றும் சொன்னார். அதை நம்பி வீட்டில் கட்டிலிலிருந்து குளியலறை வரை சுவரில் கைப்பிடி அடித்து வைத்தேன். அது இன்னும் அப்படியே இருக்கிறது.

3. உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த அம்மா என்னிடம் ஒன்று சொன்னார்: "இவங்களுக்கு இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதே இப்ப தெரியாது. தண்ணியோ மணியோ, எதுவா இருந்தாலும் வலது பக்கம் வைங்க." அது உண்மைதான். தட்டில் வலது பாதிச் சாப்பாடு மட்டும் தீர்ந்திருக்கும். நான் தட்டைத் திருப்பி வைத்தால், "இது எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு மிச்சத்தையும் சாப்பிடுவாள். படிப்பில்லாத எனக்கே ஒரு தடவை சொன்னதும் இது புரிந்தது.

4. அந்தப் படுக்கையின் அழைப்பு மணிக்கு வயர் இடது பக்கச் சுவரிலிருந்து வருகிறது. அதனால் மணியையும் இடது பக்கக் கம்பியில்தான் கட்டுவார்கள். பார்வையாளர் நேரத்தில் நான் அதைத் தலையணைக்கு மேலாக இழுத்து வலது பக்கம் வைப்பேன். மறுநாள் படுக்கை விரித்ததும் அது பழைய இடத்துக்கே போய்விடும். செவிலியர்களிடம் முறையிட்டேன். "வயர் அந்தப் பக்கம்தாங்க வருது, எல்லாருக்கும் அப்படித்தான்" என்றார்கள். என் கைக்குட்டையால் வலது கம்பியில் முடிச்சுப் போட்டுவிட்டு வந்தேன். துணியெல்லாம் கட்டக் கூடாது என்று அவிழ்த்துவிட்டார்கள். சுத்தம் வேண்டியதுதான், ஐயா. ஆனால் அவிழ்த்தவர், இந்த மனிதன் எதற்காக இதைக் கட்டினான் என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம்.

5. சம்பவம் நடந்தது மதியம். பார்வையாளர் நேரம் முடிந்தால் ஆண்கள் எல்லோரும் வார்டை விட்டு வெளியே போய்விட வேண்டும் என்பது விதி. நான் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஏதோ விழும் சத்தம் கேட்டது. பாத்திரம் என்று நினைத்து உட்கார்ந்தே இருந்தேன். என் மனைவி ஒன்றுக்குப் போவதற்காகத் தானே எழுந்து விழுந்திருக்கிறாள். அடுத்த படுக்கை அம்மா பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்: "மெல்லமா ரெண்டு மூணு தடவ கூப்பிட்டாங்க. மருந்து மயக்கத்துல நான் கனவுன்னு நினைச்சுட்டேங்க." தலையில் அடி. அதன் பிறகு அவள் கண் திறக்கவே இல்லை.

6. பார்வை 1-இல் கண்ட அறிக்கை, "நோயாளி அழைப்பு மணியைப் பயன்படுத்தாமல் தன்னிச்சையாக எழுந்ததே காரணம்" என்கிறது. இதைப் படித்தபோதுதான், ஐயா, எனக்கு அழுகையோடு கோபமும் வந்தது. என் மனைவி என் பேருந்தில் ஏறினால்கூட மணியடித்து, வண்டி முழுதாக நின்ற பிறகுதான் இறங்குவாள். ஓட்டுபவன் புருஷன்தானே என்று ஒருநாளும் ஓடும் வண்டியில் எழுந்து வந்ததில்லை. செத்துப்போன கையின் பக்கம் மணியை வைத்துவிட்டு, அவள் அடிக்கவில்லை என்று எழுதுவது எந்த நியாயம்?

7. அன்று பணியில் இருந்த செவிலியரைத் தண்டிக்க நான் கேட்கவில்லை. வேலைக்குச் சேர்ந்து சில வாரமே ஆன பெண். அத்தனை படுக்கைக்கும் ஒருத்தியாக ஓடிக்கொண்டிருந்தாள். என்னிடம் வந்து, "ஊசி போட, பிரஷர் பாக்க சொல்லித் தந்தாங்க. இத யாரும் சொல்லலீங்கய்யா" என்று விம்மினாள். பிரேக்கை மிதித்துப் பார்க்காமல் எங்கள் பணிமனையில் ஒரு வண்டியும் வெளியே போகாது. அதுபோல, நோயாளிக்கு எந்தக் கை வேலை செய்கிறது என்று கேட்டு, அந்தக் கையில் மணியைக் கொடுத்து, ஒரு தடவை அழுத்தச் சொல்லிப் பார்த்துவிட்டு, கட்டிலைத் தாழ்த்திவிட்டுத்தான் நகர வேண்டும் என்று புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் கற்றுத்தர ஆணையிட வேண்டுகிறேன்.

8. இனி பார்வை 2. என் மனைவியின் மூக்குக்கண்ணாடியை வாங்கிவர வார்டுக்குப் போனேன். அந்த ஜன்னலோரப் படுக்கையில் வேறொரு அம்மா இருந்தார். அவருக்கும் இடது கைதான் அசைவில்லாமல் கிடந்தது. மணியும் இடது பக்கம்தான் கட்டியிருந்தது. யாரையும் கேட்காமல் அதை அவிழ்த்து, என் கைக்குட்டையால் வலது பக்கம் கட்டினேன். யாரென்றே தெரியாத ஆள் என்பதால் அந்த அம்மா மிரண்டுபோனார். காவலாளி என்னை வெளியே கொண்டுவந்து விட்டார். மருத்துவமனைப் பொருளில் கைவைத்தேன், நோயாளியைப் பயமுறுத்தினேன் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார்கள். எல்லாம் உண்மை. மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்; இனி உள்ளே போகமாட்டேன்.

9. அறிக்கையைத் திருத்துவது தாமதமானாலும் காத்திருப்பேன். இறந்துபோனவளுக்கு இனி அவசரம் இல்லை. ஆனால் கைக்குட்டையை இந்நேரம் அவிழ்த்திருப்பார்கள். ஆகவே இந்த மனுவைக் கோப்பில் சேர்க்கும் முன், தயவுசெய்து அந்த வார்டுக்கு ஒருமுறை தொலைபேசியில் பேசி, ஜன்னலோரப் படுக்கைக்கு மணி எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். இடது பக்கம் என்று சொன்னால், மாற்றி வைத்துவிட்டு வரும்வரை தொலைபேசியை வைத்துவிடாதீர்கள், ஐயா.

தங்கள் கருணையை நம்பிக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்

நாள்: திங்கட்கிழமை
இடம்: மருத்துவமனை வாசலுக்கு எதிரே, பேருந்து நிறுத்தம்