ஏழாம் தொட்டியில் ஒரு சுண்டுவிரல்

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலத்தை நீ எழுதினால்தான் உண்டு. உனக்கு போன் ஆகாது என்பதால் இந்த வயதிலும் தபால்தலையை நக்கி ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு நல்ல செய்தி. நம்முடைய ‘ஏழாம் தொட்டி’ உயிரோடு திரும்பி வந்திருக்கிறது! வந்த வேகத்தில் தியேட்டரை விட்டு ஓடிய படம், நினைவிருக்கிறதா? பெண் விஞ்ஞானி ஒருத்தி தொட்டியில் ஓர் உயிரை வளர்க்கிறாள், அது நிலவறையில் இருக்கும் எல்லாரையும் கொன்றுவிட்டு அவள் மடியில் சாகிறது. அவ்வளவுதான் கதை. அதை அன்றைக்குப் பிறந்தே இராத பிள்ளைகள் இப்போது மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள். போன வாரம் கடையில் சோப்பு வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு பெண் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு, “டாக்டரம்மா, அத ஏன் தண்ணிய விட்டு வெளிய எடுத்தீங்க? அது பாட்டுக்கு இருந்திருக்குமே!” என்று அழுதாள். நான் சோப்பைக் கீழே போட்டுவிட்டேன்.

படத்தை முழுக்கச் சுத்தம் செய்து, புதுசு போல ஆக்கியிருக்கிறார்கள். ஏப்ரலில் பெரிய அரங்கத்தில் காட்டப்போகிறார்கள். படம் முடிந்ததும் மேடையில் நான். கூடவே “அந்த மிருகம்” யார் என்று கேட்டுப் பிய்த்து எடுத்துவிட்டார்கள். உடைக்குள் இருந்தது எங்கள் அக்கா என்று சொல்லிவிட்டேன். கோபப்படாதே. எனக்குப் பட வாய்ப்பு வந்து எத்தனை வருஷம் ஆகிறது என்று உனக்குத் தெரியும். இது ஒன்றுதான் மிச்சம். நீ பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், வாயே திறக்க வேண்டாம்.

வருவாய்தானே, புலவரக்கா?

உன்
வாண்டு


ஜனவரி 23

அன்புத் தங்கைக்கு,

உன் மடல் கிடைக்கப்பெற்றேன். எழுத்துகள் வழக்கம்போல் துரத்தப்பட்ட கோழிகளாய் நாற்புறமும் ஓடுகின்றன. நான் நலமே. அச்சகத்தில் சட்டநூல் ஒன்றின் மெய்ப்பைப் படித்துப் பிழை திருத்திக்கொண்டிருக்கிறேன். தலையணை அளவு நூல். அதைப் படித்து முடிப்பதற்குள் சட்டமே மாறிவிடும் போலிருக்கிறது. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. பழுது பார்க்க வந்தவர் என் குரலைக் கேட்டுவிட்டு, “தொண்டைக்கு ஏதாச்சும் மருந்து சாப்பிடுங்கக்கா” என்று அறிவுரை கூறிப் போனார். குழாய் இன்னும் ஒழுகுகிறது.

அழைப்புக்கு நன்றி. வருவதற்கில்லை.

காரணத்தை நீ அறிவாய், ஆயினும் எழுதிவிடுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். அகராதியைத் துணைக்கு வைத்துக்கொண்டு தானே கற்று, பட்டம் பெற்ற பலரையும் பின்தள்ளி, வானொலியில் செய்தி வாசிக்கத் தேர்வானேன். பணியில் சேர வேண்டிய வாரத்தில்தான் உன் படப்பிடிப்பு. மிருகமாக நடிக்க வந்த ஆள், “இதுக்குள்ள போனா பொணமாத்தான் வெளிய வருவேன்” என்று கூறி ஓடிப்போனான். நீ என் கால்களைக் கட்டிக்கொண்டாய். “நம்ம வீட்லயே நீதான்க்கா உயரம். ஒரே ஒரு நாள்க்கா!” என் உயரத்தை அதுவரை எவரும் பாராட்டியதில்லை. இசைந்தேன்.

மிருகத்தின் ரப்பர்த் தலையை உடையோடு பசைவைத்து ஒட்டினார்கள். உள்ளிருந்து கூவினால் வெளியே கேட்காது என்பதால், நம் பழைய குறியையே வைத்துக்கொண்டோம். சிறுமிகளாய் இருந்தபோது தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை அமிழ்த்தி மூச்சடக்கி விளையாடுவோமே. இயலாதவள் மற்றவளின் சுண்டுவிரலை இருமுறை இழுக்க வேண்டும். நீ நாள்தோறும் இழுத்துத் தப்பித்தாய். நான் ஒருநாளும் இழுத்ததில்லை.

இறுதிக் காட்சியில் இழுத்தேன். பசையின் ஆவி உள்ளேயே தேங்கி, என் தொண்டையைச் சுட்டுக்கொண்டிருந்தது. மருத்துவமனையில் கண் விழித்தபோது உயிர் இருந்தது; குரல் இல்லை. இன்று எஞ்சியிருப்பது தகரத்தில் ஆணியை இழுக்கும் ஓசை. இதையா மேடையேற்றுவது?

உன்னைக் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. கட்டிலருகே நீ அழுதபோது நான் காகிதத்தில் எழுதிக் காட்டிய சொற்களை இன்றளவும் மாற்றவில்லை: “என் கையுறை தடிமன். உன்னால் உணர்ந்திருக்க முடியாது.” அந்த நம்பிக்கையில்தான் இத்தனை ஆண்டுகளும் உனக்குத் தமக்கையாக இருந்து வருகிறேன்.

குளிர் நாள்களில் காதை மூடிக்கொள்.

என்றும் உன் நலம் நாடும்
தமக்கை


பிப்ரவரி 6

அன்பு அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அரைநாள் அழுதேன். அப்புறம் முகம் கழுவிக்கொண்டு யோசித்தேன். நீ வந்தே ஆக வேண்டும்.

ஏன் என்று கேள். அந்தச் சுண்டுவிரல்தான் அக்கா படமே! மிருகத்தின் நிறம் என்று பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு வரும் ரசிகப் பிள்ளைகள் ஒருவர் சுண்டுவிரலை ஒருவர் இழுத்துத்தான் வணக்கம் சொல்லிக்கொள்கிறார்கள். “எல்லாரையும் கொன்ற மிருகம், சாகும்போது தன்னை வளர்த்தவளின் விரலை மட்டும் தேடுகிறது” என்று ஒருவர் நீளமாகக் கட்டுரை எழுதியிருக்கிறார். நானும் போகிற இடத்திலெல்லாம், “அது எங்கக்காவோட சொந்தக் கற்பனை, டைரக்டர் சொல்லிக்கொடுத்ததே இல்ல” என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொய் ஒன்றும் இல்லையே? அவர் சொல்லிக்கொடுக்கவில்லைதானே! அச்சகத்து வழக்கப்படி மேடையில் சிவப்புப் பேனாவை எடுத்துவிடாதே, தாயே.

உன் தொண்டை போனது வீண் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். வீண் இல்லை. ஒரு குரல் போய்விட்டது, ஆயிரம் பேர் அழுகிறார்கள். செய்தி வாசித்திருந்தால் உனக்காக யார் அழுதிருப்பார்?

இத்துடன் சுத்தம் செய்த படத்தின் குறுந்தட்டை அனுப்பியிருக்கிறேன். நான் இன்னும் பார்க்கவில்லை. அந்த வயதின் கன்னத்தைப் பார்த்துவிட்டு இந்த வயதின் கண்ணாடிக்குத் திரும்ப எனக்குத் தைரியம் இல்லை. நீ முதலில் பார். பழைய பிரதியில் கடைசிக் காட்சியில் திரையின் ஒரு பக்கம் முழுக்க இருட்டாக இருக்குமே, அங்கேகூட இப்போது எல்லாம் தெரிகிறதாம். பார்த்தால் உன் கல்மனசு கரையும். கரைந்ததும் எழுது.

உன்
வாண்டு


மார்ச் 2

என் அன்புத் தங்கைக்கு,

நீ அனுப்பிய தட்டு பழுதின்றி வந்து சேர்ந்தது. வீட்டில் அதற்குரிய கருவி இல்லாமையால், அச்சகத்தில் நூல்களுக்கு அட்டை வடிவமைக்கும் தம்பி தம் கணினியில் ஓட்டிக் காட்டினார். “பயமா இருந்தா சொல்லுங்கக்கா, நிறுத்திடறேன்” என்றார். நிறுத்த வேண்டாம் என்று கையசைத்தேன். இறுதிக் காட்சியை மட்டும் மறுபடி ஓட்டச் சொன்னேன். பிறகு இன்னும் ஒருமுறை. “அவ்ளோ பிடிச்சிருக்கா?” என்று சிரித்தார். அதன்பின் அவர் தேநீர் அருந்தச் சென்றுவிட, நானே ஓட்டிப் பார்த்தேன்.

மிக நேர்த்தியாகச் சுத்தம் செய்திருக்கிறார்கள். உன் நடிப்பை இத்தனை காலமும் நான் குறைவாக மதிப்பிட்டுவிட்டேன் என்பதை ஒளிக்காமல் தெரிவிக்கிறேன்.

நீ விரும்பியபடியே வருகிறேன். என் பொருட்டுச் சிறப்பு ஏற்பாடு எதுவும் வேண்டாம். மேடையில் உன் இடப்பக்கம் எனக்கு நாற்காலி போடச் சொல். அந்தக் காட்சியை நடித்துக் காட்டும்படி கேட்பார்களேயானால் மறுக்க மாட்டேன் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடு.

இடக்கையில் மோதிரம் அணிய வேண்டாம். அன்று நீ அணிந்திருக்கவில்லை.

அன்பு மாறாத
தமக்கை


ஏப்ரல் 9

அக்கா,

இடக்கையால் தாளை அழுத்திப் பிடிக்க முடியவில்லை. கோணல் மாணலாகத்தான் வரும், பொறுத்துக்கொள்.

படம் ஓடும்போது நீ திரையைப் பார்க்கவே இல்லை. இருட்டில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். ‘என்னக்கா?’ என்று கேட்டதற்கு, பாரு என்று தாடையால் காட்டினாய். அந்த இடம் வந்ததும்தான் எனக்குப் புரிந்தது. இதைப் பார்த்துவிட்டுத்தானா ‘அன்பு மாறாத’ என்று எழுதினாய்?

அப்புறம் மேடை. தொகுத்து வழங்கிய பையன், “அந்த சீன ஒரே ஒரு தடவ எங்களுக்காகச் செஞ்சு காட்டுவீங்களா?” என்றான். என் சுண்டுவிரலைப் பிடித்து இருமுறை இழுத்தாய். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. நீ விடவில்லை. மறுபடி இழுத்தாய், பின்பக்கமாக வளைத்தாய். “அக்கா, வலிக்குதுக்கா, விடு” என்று உன் காதுக்குள் சொன்னேன். நீ கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாய். எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருந்ததால் நானும் சிரித்தேன். அழுதேன், சிரித்தேன். “என்ன பாசம் பாரு!” என்று முன்வரிசையில் ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது.

மூட்டு விலகியிருக்கிறது. கட்டுப் போட்டிருக்கிறார்கள்.

நீ நினைப்பது போல இல்லை அக்கா. குனிந்து பார்த்தது நடிப்பு. மடியில் ஒன்று செத்துக்கொண்டிருந்தால் குனிந்து பார்க்க மாட்டார்களா? டைரக்டர் பின்னாலிருந்து, “அப்படியே இரு, அழு, அழு, நல்லா வருது” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதுதான் என் முதல் படம். மற்றது எதுவும் எனக்கு நினைவில்லை.

இன்னொன்று. மேடையில் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு மற்ற ஊர்களிலும் கூப்பிடுகிறார்கள், வரிசையாக. எல்லா இடத்திலும் இதையே செய்து காட்ட வேண்டுமாம். என்னால் முடியாது. நீயும் உடம்பு சரியில்லை என்று ஒரு வரி எழுதிவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

உன்
வாண்டுதான் நான் இன்னும்


ஏப்ரல் 20

தங்கைக்கு,

மடல் கிடைத்தது. விரலில் போட்ட கட்டை நனைக்காதே, கையைத் தாழ்த்தாமல் உயர்த்தியே வைத்திரு.

நடிப்பு என்கிறாய். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மெய்ப்புத் திருத்துகிறவள் நான். எது தவறி விழுந்தது, எது வேண்டுமென்றே வைக்கப்பட்டது என்று பிரித்தறிவதே என் பிழைப்பு. இருட்டு நீங்கிய அந்தப் பக்கத்தில் இருப்பதைக் கூறுகிறேன். என் கை உன் சுண்டுவிரலை இருமுறை இழுக்கிறது; இதுவரை பழைய பிரதியிலும் தெரியும். உன் கண்கள் அதன்மேல் இறங்கி நிற்கின்றன. என் கை மறுபடியும் இழுக்கிறது. அப்போது உன் வலக்கை வந்து என் கையை மூடி, அசையாதபடி அழுத்திப் பிடிக்கிறது. அதன் பிறகே நீ நிமிர்ந்து, முகத்தை விளக்குக்குக் காட்டி, ஒரு துளிக் கண்ணீரைக் கன்னத்தின் நடுவே விடுகிறாய். அழகான துளி. ஒருநாளும் இழுக்காதவள் இழுக்கிறாள் என்றால் அதன் பொருள் என்னவென்று இவ்வுலகில் உன் ஒருத்திக்குத்தான் தெரியும்.

என் உயிரைப் பற்றியோ குரலைப் பற்றியோ இப்போது வருத்தமில்லை. உன்னைத் தேற்றுவதற்காக நான் சொன்ன அந்தச் சொற்களைப் பற்றித்தான் வருத்தம். அவற்றை நீ எவ்வளவு எளிதாக வாங்கி வைத்துக்கொண்டாய்!

விரலை விடும்படி என் காதில் சொன்னதாக எழுதியிருக்கிறாய். கைதட்டல் பலமாக இருந்தது. எனக்குக் கேட்டிருக்க முடியாது. நீயும் அப்படியே நம்பிக்கொள்.

பிற ஊர்களிலிருந்து எனக்கும் அழைப்புகள் வந்தன. அனைத்துக்கும் இசைவு தெரிவித்து எழுதிவிட்டேன், உன் சார்பிலும். எல்லா இடங்களிலும் என் நாற்காலி உன் இடப்பக்கமே. உன்னால் வர இயலாதென்றால் நான் மட்டும் சென்று, நீ வராத காரணத்தைப் பச்சைச் சட்டைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்பேன். அந்த அளவுக்கு என் தொண்டை தாங்கும். நீ வருவாய் என்று நான் அறிவேன். விளக்கு எரியும் இடத்தை விட்டு நீ எழுந்து போனதை நான் ஒருநாளும் கண்டதில்லை.

விளையாட்டின் விதி மாறவில்லை. மூச்சு முட்டினால் நீ என் சுண்டுவிரலை இருமுறை இழுக்கலாம். நான் குனிந்து பார்ப்பேன். உன் கையை என் கையால் மூடிக்கொள்வேன். பிறகு நிமிர்ந்து விளக்கைப் பார்ப்பேன்.

உன்
தமக்கை